உலோகங்கள் கைக்கு வரும் வழிகள்: சப்ரகமுவ மண்ணிலிருந்து ஒரு விளக்கம்

மாணவர்களே,

"உலோகமொன்றைப் பிரித்தெடுக்கும் முறை எதனைப் பொறுத்துத் தீர்மானிக்கப்படுகின்றது?" இவ்வினா பல வடிவங்களில் கேட்கப்படக்கூடியது. "தாக்குதிறன் தொடரில் அவ்வுலோகம் வகிக்கும் இடத்தைப் பொறுத்து" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வோர் பலர். அவ்விடை தவறன்று. ஆனால் அது பாதி விடையே.

ஏன் என்று பாருங்கள். தங்கம் தாக்குதிறன் தொடரின் அடியில் உள்ளது. அது இயற்கையில் பெரும்பாலும் தனி உலோகமாகவே கிடைக்கின்றது. அப்படியாயின் அதைப் பெறுவது மிக இலகுவாக இருக்க வேண்டுமல்லவா? ஆனால் இந்தியாவின் கோலார் தங்கவயலில் தங்கத்தைத் தேடி 3 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது. ஆகவே தாக்குதிறனை மட்டும் வைத்து விடை கூற முடியாது.

எந்த உலோகத்தைப் பற்றிக் கேட்டாலும் பின்வரும் மூன்று வினாக்களையும் உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

(அ) அது எந்த நிலையில் உள்ளது? தனி உலோகத் துணிக்கையாகவா, சேர்வையாகவா, நீரிற் கரைந்த அயனாகவா?
(ஆ) அது சேர்வையில் எவ்வளவு உறுதியாகப் பிணைந்துள்ளது? தாக்குதிறன் தொடர் விடையளிப்பது இவ்வினாவுக்கே.
(இ) அது எவ்வளவு செறிவில் உள்ளது? அதைப் பெறச் செலவாகும் சக்தி எவ்வளவு? எஞ்சும் கழிவு என்ன?

இம்மூன்று வினாக்களுக்கும் உதாரணங்களைத் தேடித் தூர நாடுகளுக்குச் செல்லத் தேவையில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலேயே தொடங்கலாம்.

1. கழுவிப் பிரித்தல்: இல்லம் கற்பிக்கும் பாடம்

இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடைப் பகுதிகளில் இரத்தினக்கற் குழிகளைக் கண்டிருப்பீர்கள். குழியின் அடியிலுள்ள சரளைப் படையை "இல்லம்" என்பர். அதனை மேலே கொண்டுவந்து, கூடையிலிட்டு, நீரில் அமிழ்த்திச் சுழற்றுவர். மண்ணும் இலேசான கற்களும் நீருடன் வெளியேற, பாரமானவை கூடையின் அடியில் தங்கும். இங்கு எந்த இரசாயனத் தாக்கமும் நிகழவில்லை. அடர்த்தி வேறுபாடே பயன்படுத்தப்படுகின்றது.

சில பொருள்களின் அடர்த்தியை ஒப்பிடுவோம் (ஒரு கன சென்ரிமீற்றருக்குக் கிராமில், அண்ணளவாக).

நீர்: 1.0
குவாட்சு: 2.65
நீலக்கல்: 4.0
சிர்க்கன்: 4.6
தோரியனைற்று: 9.7
தங்கம்: 19.3

இதனை ஏன் நீரில் செய்கின்றனர்? உலர்ந்த நிலையில் குலுக்கினால் போதாதா? ஒரு சிறு கணிப்பைச் செய்து பாருங்கள். சம கனவளவுள்ள நீலக்கல்லையும் குவாட்சையும் எடுத்தால், வளியில் நீலக்கல் குவாட்சைப் போல் சுமார் 1.5 மடங்கு பாரமானது. நீருக்குள் இரண்டும் மேலுதைப்பைப் பெறும். எனவே வேறுபாடு (4.0 – 1.0) இற்கும் (2.65 – 1.0) இற்கும் இடையிலானதாகும். அதாவது 3.0 இற்கு 1.65, சுமார் 1.8 மடங்கு. நீரில் வேறுபாடு கூடுகின்றது. ஆக்கிமிடீசின் தத்துவம் குழியோரத்தில் தினந்தோறும் பயன்படுவதைப் பார்த்தீர்களா?

இதே முறையால் கனத்த உலோகக் கனியங்களும் கூடையில் தங்குகின்றன. 1904 ஆம் ஆண்டில் பலாங்கொடைப் பகுதிச் சரளையிலிருந்து கிடைத்த மிகக் கனமான கறுப்புக் கனியம் ஒன்று கவனத்தை ஈர்த்தது. அப்போது இலங்கையின் கனிய ஆய்வுப் பணிக்குப் பொறுப்பாக இருந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராக நாம் அறிந்த அவர், முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். அக்கனியம் முதலில் யுரேனியக் கனியம் என்றே கருதப்பட்டது. இலண்டனில் செய்யப்பட்ட இரசாயனப் பகுப்பாய்வில் அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு எனத் தெரியவந்தது. அதற்குத் தோரியனைற்று எனப் பெயரிடப்பட்டது. உலகுக்குப் புதிய ஒரு கனியம் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து அறிமுகமானது.

அடுத்த ஆண்டு, 1905 இல், இலண்டனில் சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஒட்டோ ஹான், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட பொருளில் ரேடியத்தைப் பிரிக்க முயன்றார். அம்முயற்சியில் கதிர்த்தொழிற்பாடுடைய புதிய பொருளொன்றைக் கண்டறிந்து அதனை ரேடியோதோரியம் என்றார். அது தோரியத்தின் ஒரு சமதானி என்பது பின்னர் விளங்கியது.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், கூடையில் கழுவியபோது கிடைத்தது தோரியனைற்று என்னும் கனியமே. தோரியம் என்னும் உலோகமன்று. ஒட்சிசனிடமிருந்து உலோகத்தைப் பிரிக்க எவ்வளவு கழுவினாலும் முடியாது. பௌதிக முறை ஒரு கனியத்தை மற்றக் கனியத்திலிருந்து பிரிக்கும். இரசாயன முறையே உலோகத்தை அதன் சேர்வையிலிருந்து பிரிக்கும். பரீட்சையில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தனி உலோகமாகக் கிடைக்கும் தங்கத்திற்கு மட்டும் சில வேளைகளில் கழுவுதலே போதுமானதாகும்.

புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் இதே தத்துவமே தொடங்கி வைக்கின்றது. முதலில் அடர்த்தியால் பாரமான கனியங்கள் வேறாக்கப்படும். பின்னர் காந்தத்தால் இல்மனைற்று கவரப்படும். உரூத்தைல், சிர்க்கன் ஆகியன அவற்றின் மின்கடத்தும் இயல்பிலுள்ள வேறுபாட்டைக் கொண்டு பிரிக்கப்படும்.

2. காபனால் தாழ்த்தல்: சமனலவெவக் காற்றுலைகள்

இப்போது இரண்டாம் வினாவுக்கு வருவோம். சேர்வையில் பிணைந்துள்ள உலோகத்தை விடுவிப்பது எவ்வாறு?

இரும்பு தாக்குதிறன் தொடரில் நடுப்பகுதியில் உள்ளது. காபனுக்குக் கீழே இருப்பதால் அதன் ஒட்சைட்டைக் காபனாலும் காபனோரொட்சைட்டாலும் தாழ்த்தலாம். ஊதுலையைப் படம் வரைந்து குறித்துப் பழகியிருப்பீர்கள். அதன் தாக்கங்களைச் சொற்சமன்பாடுகளில் நினைவூட்டிக்கொள்வோம்.

காபன் + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு
காபனீரொட்சைட்டு + காபன் → காபனோரொட்சைட்டு
பெரிக்கு ஒட்சைட்டு + காபனோரொட்சைட்டு → இரும்பு + காபனீரொட்சைட்டு
கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு
கல்சியம் ஒட்சைட்டு + சிலிக்கா → கல்சியம் சிலிக்கேற்று (கசடு)

ஊதுலைக்கு வெப்பவளியை ஊத வேண்டும். மின்சாரமும் இயந்திரமும் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தனர்? பெரும்பாலான நாடுகளில் தோல் துருத்தியைப் பயன்படுத்தினர். பலாங்கொடைக்கு அப்பால், மத்திய மலைநாட்டின் தென் அடிவாரத்தில், இன்று சமனலவெவ நீர்த்தேக்கம் அமைந்துள்ள பகுதியில் வாழ்ந்தோர் வேறொரு வழியைக் கண்டனர்.

அணைக்கட்டு வேலைகள் நடைபெற்ற காலத்தில் அங்கு தொல்லியல் ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டன. மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் கசட்டுக் குவியல்களுடன் 77 இரும்புருக்கும் இடங்கள் கண்டறியப்பட்டன. அவை கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையானவை. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கில் ஜூலெஃப் என்னும் தொல்லியலாளர், அதே மாதிரியான உலையை அதே இடத்தில் கட்டி, 1994 இல் தாதுவை உருக்கிப் பார்த்தார். முடிவுகள் 1996 இல் "நேச்சர்" விஞ்ஞான சஞ்சிகையில் வெளியாயின.

அந்த உலையின் அமைப்பு எளியது. மலைச்சரிவின் விளிம்பில், காற்றை எதிர்நோக்கியபடி, சுமார் 2 மீற்றர் நீளமான, உயரம் குறைந்த களிமண் முன்சுவர். சுவரின் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள். சுவருக்குப் பின்னால் மரக்கரியும் இரும்புத் தாதுவும். யூன் மாதம் முதல் வீசும் தென்மேல் பருவக்காற்று அச்சரிவுகளில் பலமாக மோதும். காற்று முன்சுவரின் மேல் விளிம்பைத் தாண்டி விரைந்து செல்லும்போது விளிம்புக்குச் சற்றுப் பின்னால் அமுக்கம் குறையும். சுவரின் முன்பக்கத்திலோ அமுக்கம் கூடுதலாக இருக்கும். இந்த அமுக்க வேறுபாட்டால் வளி குழாய்களினூடாக உள்ளே இழுக்கப்படும். துருத்தி ஊதுவோர் தேவையில்லை. காற்றின் வேகம் ஓரளவு கூடிக் குறைந்தாலும் உள்ளே செல்லும் வளி பெரிதாக மாறவில்லை என்பதும் பரிசோதனையில் தெரிந்தது.

உலையினுள் வெப்பநிலை ஏறத்தாழ 1500 பாகை செல்சியசு வரை உயர்ந்தது. கிடைத்த உலோகத்தில் ஒரு பகுதி காபன் கூடிய உருக்காக இருந்தது. 9 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதியபோது "சரந்தீப்" உருக்கையும் குறிப்பிட்டார். சரந்தீப் என்பது அரேபியர் இலங்கைக்கு வழங்கிய பெயர்.

இனி, ஊதுலையுடன் ஒப்பிடுவோம். இத்தகைய ஒப்பீடு பரீட்சைக்கு மிகவும் பயன்படும்.

எரிபொருளும் தாழ்த்தும் பொருளும்: ஊதுலையில் கற்கரி, காற்றுலையில் மரக்கரி.
வளி: ஊதுலையில் சூடாக்கி ஊதப்படும், காற்றுலையில் பருவக்காற்று.
கசடு: ஊதுலையில் சுண்ணாம்புக்கல் சேர்ப்பதால் கல்சியம் சிலிக்கேற்று உண்டாகும். பழைய உலையில் இரும்பு ஒட்சைட்டின் ஒரு பகுதியே சிலிக்காவுடன் சேர்ந்து கசடாகியது. எனவே இரும்பின் கணிசமான பகுதி கசடோடு வீணாகியது.
தொடர்ச்சி: ஊதுலை இரவு பகலாக இயங்கும். காற்றுலையின் முன்சுவரை ஒவ்வொரு முறையும் உடைத்து உலோகத்தை எடுத்து, மீண்டும் கட்ட வேண்டும்.

இரண்டிலும் மாறாதது ஒன்று உண்டு. அது "காபனோரொட்சைட்டு இரும்பின் ஒட்சைட்டைத் தாழ்த்துதல்" என்னும் தாக்கமாகும். கருவி மாறினாலும் இரசாயனம் மாறவில்லை.

இரத்தினபுரி மாவட்டத்தின் தெல பகுதியில் இன்றும் இரும்புத் தாது உண்டு. அப்படியிருந்தும் ஏன் அங்கு ஊதுலை இல்லை? மூன்றாம் வினாவை நினைவுகூருங்கள். ஊதுலைக்குப் பெருந்தொகைத் தாது பல்லாண்டுகள் இடைவிடாது வேண்டும். கற்கரியோ இலங்கையில் இல்லை. இறக்குமதி செய்ய வேண்டும். உலோகம் மண்ணில் இருப்பது வேறு. இலாபமாகப் பெறக்கூடியதாக இருப்பது வேறு. பெறக்கூடியதையே "தாது" என்கிறோம்.

3. காபனால் முடியாதபோது

சோடியம், மகனீசியம், அலுமினியம் ஆகியன தாக்குதிறன் தொடரில் காபனுக்கு மேலே உள்ளன. அவற்றை விடுவிக்க மின்பகுப்பு வேண்டும். உருகிய சோடியம் குளோரைட்டைத் தவுன்சின் கலத்தில் மின்பகுக்கும்போது கதோட்டில் சோடியமும் அனோட்டில் குளோரீனும் பெறப்படும். கல்சியம் குளோரைட்டைச் சேர்ப்பது உருகுநிலையை 801 பாகை செல்சியசிலிருந்து சுமார் 600 பாகைக்குக் குறைப்பதற்காகும். நீர்க்கரைசலை மின்பகுத்தால் கதோட்டில் சோடியம் கிடைக்காது, ஐதரசனே வெளிவரும். "உருகிய" என்ற சொல்லை எழுதத் தவறினால் புள்ளி இழப்பீர்கள்.

அந்த அனோட்டு காரீயத்தால் (பென்சிற்கரி) ஆனது. அது மின்னைக் கடத்தும். உயர் வெப்பத்தைத் தாங்கும். குளோரீனுடன் இலகுவில் தாக்கமடையாது. கேகாலை மாவட்டத்தின் போகலையில் மிகத் தூய காரீயம் நாளங்களாகக் கிடைக்கின்றது. அதுவும் காபனே. உலையில் எரிந்து தாழ்த்தும் காபனும், கலத்தில் மின்னைக் கடத்தும் காபனும் ஒரே மூலகம் என்பதை நினைவிற் கொள்க.

தைத்தேனியம் இன்னும் கடினமானது. அதன் ஒட்சைட்டைக் காபனுடன் சூடாக்கினால் உலோகத்திற்குப் பதிலாகக் காபைட்டு உண்டாகும். எனவே அதைக் குளோரைட்டாக மாற்றி, மகனீசியத்தால் தாழ்த்துவர். ஓர் உலோகத்தைப் பெற இன்னோர் உலோகத்தைச் செலவிட வேண்டியுள்ளது. புல்மோட்டை மணல் தாதுவாக ஏற்றுமதியாவதன் காரணத்தை இப்போது ஊகிக்கலாம். அதிலிருந்து உலோகம் பெறுவதற்குப் பெரும் சக்தியும் சிக்கலான ஆலையும் தேவை.

4. நீரிற் கரைந்த உலோகம்

இதுவரை திண்மங்களைப் பார்த்தோம். உலோகம் அயனாக நீரிற் கரைந்திருந்தால் என்ன செய்வது?

கேகாலைத் தோட்டங்களில் இறப்பர்ப் பாலில் சிறிது போமிக்கமிலம் சேர்க்கும்போது அது திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். பால் போன்ற திரவத்திலிருந்து வேண்டியது மட்டும் ஒன்றுசேர்ந்து வந்துவிடுகின்றது. கரைசலிலிருந்து உலோகம் பெறுவதிலும் எண்ணம் இதுதான்: வேண்டியதை மட்டும் திரவத்திலிருந்து வேறாக்க ஒரு பொருளைச் சேர்த்தல். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இறப்பர்ப் பாலில் இருப்பவை கரையாத நுண்துணிக்கைகள், அவை திரள்கின்றன. உப்புநீரில் இருப்பவை கரைந்த அயன்கள்; அவை தாக்கமடைந்து கரையாத புதிய சேர்வையாகி வீழ்படிவாகின்றன.

கடல்நீர் இதற்குச் சிறந்த உதாரணம். அதன் ஒரு இலீற்றரில் சுமார் 1.3 கிராம் மகனீசியம் உண்டு. 1941 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடல்நீரிலிருந்து மகனீசியம் பெறும் ஆலை இயங்கத் தொடங்கியது. படிமுறைகள் வருமாறு.

மகனீசியம் குளோரைட்டு + கல்சியம் ஐதரொட்சைட்டு → மகனீசியம் ஐதரொட்சைட்டு (வீழ்படிவு) + கல்சியம் குளோரைட்டு
மகனீசியம் ஐதரொட்சைட்டு + ஐதரோகுளோரிக்கமிலம் → மகனீசியம் குளோரைட்டு + நீர்
உருகிய மகனீசியம் குளோரைட்டு → (மின்பகுப்பு) → மகனீசியம் + குளோரீன்

மகனீசியம் குளோரைட்டில் தொடங்கி மீண்டும் மகனீசியம் குளோரைட்டுக்கே வந்ததன் நோக்கம் என்ன? முதலில் அது ஏனைய உப்புகளுடன் பெருமளவு நீரில் கலந்திருந்தது. வீழ்படிவாக்கி வடித்தபின் அது செறிவாகவும் தூயதாகவும் கிடைத்தது. கரைசல் முறைகள் யாவற்றினதும் சாரம் இதுவே: முதலில் செறிவாக்கு, பின்னர் தாழ்த்து.

அடுத்து, புவிக்கடியில் சூடான உப்புநீர். கன்னியா, மகாஓயா வெந்நீர் ஊற்றுகளை அறிவீர்கள். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளினூடாக ஆழத்திற்குச் சென்று, புவியின் உள்வெப்பத்தால் சூடாகி மேலே வருகின்றது. இவ்வூற்றுகளில் உப்பு மிகக் குறைவு; உலோகம் பெற உதவா. ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சோல்ற்றன் ஏரிப் பகுதியில், ஆழத்திலுள்ள நீர் 300 பாகை செல்சியசு அளவு சூடானது; கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்பானது. அந்நீராவியால் மின்சாரம் பிறப்பிக்கின்றனர். எஞ்சும் உப்புநீரில் நாகம், மங்கனீசு, இலிதியம் ஆகியன கரைந்துள்ளன. சூடான உப்புநீர் பாறைகளின் ஊடாக நெடுங்காலம் சென்று அவற்றைக் கரைத்துக்கொண்டு வந்ததே காரணம்.

இலிதியம் கைத்தொலைபேசி, மின்வாகன மின்கலங்களுக்கு வேண்டிய உலோகம். அந்த உப்புநீரின் ஒரு இலீற்றரில் சுமார் 200 மில்லிகிராம் இலிதியம் உண்டு. கடல்நீரில் சுமார் 0.17 மில்லிகிராம் மட்டுமே. 1 கிலோகிராம் இலிதியத்துக்கு எவ்வளவு நீர் வேண்டும்?

சோல்ற்றன் உப்புநீர்: 10,00,000 ÷ 200 = 5,000 இலீற்றர்
கடல்நீர்: 10,00,000 ÷ 0.17 = சுமார் 59 இலட்சம் இலீற்றர்

முன்னது 1,000 இலீற்றர் நீர்த்தாங்கிகள் ஐந்து. பின்னது அத்தகைய தாங்கிகள் ஏறத்தாழ 5,900. செறிவு ஏன் முதன்மையானது என்பதை இக்கணிப்பே கூறும்.

இலிதியத்தைப் பிரிக்கும் வழிகள் இரண்டைக் கற்போம்.

முதலாவது, ஆவியாக்கல். தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலுள்ள அற்றகாமா உப்பளங்களில் உப்புநீரைப் பரந்த தடாகங்களில் விட்டு வெயிலில் ஆவியாக்குவர். புத்தளம், அம்பாந்தோட்டை உப்பளங்களில் நடப்பதைப் போலவே கறியுப்பு படிகமாகும். இலிதியம் கடைசிவரை கரைசலிலேயே இருக்கும். இறுதியில் சோடியம் காபனேற்றைச் சேர்த்து இலிதியம் காபனேற்றாக வீழ்படிவாக்குவர். இதற்கு ஓராண்டுக்கும் மேலாகலாம். பெருமளவு நீரும் இழக்கப்படும்.

இரண்டாவது, அயன்களைப் பிடித்தல். இலிதியம் அயன்களை மட்டும் தன்னுள் ஏற்கக்கூடிய திண்மமணிகளின் ஊடாக உப்புநீரைச் செலுத்துவர். மணிகள் நிரம்பியதும் நீரால் அல்லது ஐதான அமிலத்தால் கழுவி இலிதியத்தைச் செறிந்த கரைசலாக வெளியெடுப்பர். கடினநீரை மென்மையாக்கும் அயன் பரிமாற்ற முறையைப் படித்திருந்தால் இது உங்களுக்குப் புதிதன்று.

கேட்பதற்கு எளிதாயினும் ஒரு தடை உண்டு. சூடான உப்புநீர் குளிரும்போது அதிற் கரைந்துள்ள சிலிக்கா, கேத்தலின் அடியில் படியும் படிவைப் போலக் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். சோல்ற்றன் பகுதியில் 2000களின் தொடக்கத்தில் நாகம் பெறும் ஆலையொன்று அமைக்கப்பட்டு, எதிர்பார்த்தவாறு இயங்காமையால் 2004 இல் கைவிடப்பட்டது. உலோகம் இருந்தது, முறையும் தெரிந்திருந்தது, ஆயினும் தொடர்ந்து இயக்க முடியவில்லை. மூன்றாம் வினாவை மீண்டும் நினைவுகூருங்கள்.

5. கடினமான தாதுக்கள்: கரைத்துப் பெறுதல்

சில தாதுக்களில் உலோகம் மிகச் சிறிதளவே உண்டு. அவற்றை உலையிலிட்டால் கல்லை உருக்கவே எரிபொருள் முடிந்துவிடும். இங்கு வழியைத் திருப்பிப் போடுவர்: கல்லை உருக்காமல் உலோகத்தை மட்டும் கரைத்தெடுப்பர்.

செம்பு: திருகோணமலை மாவட்டத்தின் சேருவிலவில் 1971 இல் செம்பும் மகனதைற்றும் கலந்த படிவு கண்டறியப்பட்டது. மகனதைற்றைக் காந்தத்தால் வேறாக்கலாம் என்பதை இப்போது நீங்களே கூறுவீர்கள். செம்போ கந்தகத்துடன் பிணைந்துள்ளது. இவ்வாறான செறிவு குறைந்த செப்புத் தாதுக்களை உலகின் பல சுரங்கங்களில் குவித்து, மேலே ஐதான சல்பூரிக்கமிலத்தைத் தெளிப்பர். சிலவகைப் பற்றீரியாக்கள் இரும்பையும் கந்தகத்தையும் ஒட்சியேற்றிச் சக்தி பெறுபவை. அவை தாதுவைச் சிதைத்துச் செம்பைக் கரைசலாக்க உதவுகின்றன. இது மாதக்கணக்கில் நிகழும் மெதுவான செயல். ஆனால் உலை வெப்பம் தேவையில்லை. கரைசலிலிருந்து செம்பைப் பெறும் பழைய வழி பழைய இரும்பைப் போடுவதாகும்.

இரும்பு + செப்புச் சல்பேற்று → பெரசுச் சல்பேற்று + செம்பு

ஆய்வுகூடத்தில் நீலநிறக் கரைசலில் இரும்பாணியை இட்டுச் செய்த அதே இடப்பெயர்ச்சித் தாக்கமே இது. இன்று பெரும்பாலும் கரைசலைச் செறிவாக்கி மின்பகுப்பர்.

தங்கம்: கோலாரில் இறுதிக் காலத்தில் ஒரு தொன் பாறையில் சில கிராம் தங்கமே இருந்தது. பாறையைத் தூளாக்கி, ஐதான சோடியம் சயனைட்டுக் கரைசலாலும் வளியிலுள்ள ஒட்சிசனாலும் தங்கத்தைக் கரைப்பர். பின்னர் நாகத் தூளைச் சேர்த்துத் தங்கத்தை இடம்பெயர்ப்பர். நாகம் தங்கத்தைவிடத் தாக்குதிறன் கூடியது என்பதே காரணம். 2001 இல் கோலார்ச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கு உழைத்தோரில் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து சென்ற தமிழர். எங்கள் முன்னோர் தேயிலைக்கும் இறப்பருக்கும் வந்த காலத்திலேயே அவர்கள் தங்கத்துக்குச் சென்றனர். தங்கம் போய்விட்டது. சயனைட்டுக் கழிவு மண்மேடுகள் நகரைச் சுற்றி எஞ்சின. காற்றடிக்கும்போது அம்மண் வீடுகளுக்குள் வருகின்றது.

6. கழிவும் பாதுகாப்பும்

"சூழற்பாதிப்பு இரண்டு தருக" என்ற வினாவுக்கு "சூழல் மாசடையும்" என்று பொதுவாக எழுதினால் புள்ளி கிடைக்காது. எந்த முறை, எந்தக் கழிவு, யாருக்கு என்ன பாதிப்பு என்பதை எழுதுங்கள்.

• மூடாமல் விடப்பட்ட இரத்தினக்கற் குழியில் நீர் தேங்கி நுளம்பு பெருகும்; சிறுவரும் கால்நடைகளும் விழும் அபாயமுண்டு. குழியை மீள நிரப்புதல் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகும்.
• கழுவிய சேற்றுநீர் ஆற்றில் சேர்ந்து படிவதால் ஆறு ஆழம் குறைந்து வெள்ளம் கூடும்.
• மரக்கரிக்காகக் காடு அழியும். பழைய காற்றுலைகளுக்கும் இது பொருந்தும்.
• சயனைட்டு, அமிலம், இரசம் ஆகியன நிலத்தடி நீரில் கலந்தால் குடிநீர் நஞ்சாகும்.

இன்னொன்று, பரீட்சைக்காக அன்றி உங்களுக்காக. குழியில் வேலைசெய்யும் வீட்டார் எவரேனும் அளவுக்கு மீறிப் பாரமான சிறு கறுப்புக் கற்களைக் கொண்டுவந்தால், அவற்றைப் படுக்கையருகில் வைப்பதோ பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுப்பதோ கூடாது. எல்லாக் கறுப்புக் கல்லும் தோரியனைற்று அன்று. ஆனால் தோரியனைற்று கதிர்த்தொழிற்பாடுடையது. அதை இடிப்பதாலும் அரைப்பதாலும் உண்டாகும் தூசு சுவாசத்தில் செல்வது தீங்கானது. கையை நன்றாகக் கழுவி, தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபை அலுவலகத்தில் காட்டிக் கேட்குமாறு கூறுங்கள். வீட்டில் இதைச் சொல்லக்கூடியவர் விஞ்ஞானம் படிக்கும் நீங்களாகவே இருக்கலாம்.

7. பயிற்சி வினா

80 சதவீதம் தூய ஏமதைற்றைக் கொண்ட தாது 1,000 கிலோகிராம் உள்ளது. (இரும்பு = 56, ஒட்சிசன் = 16. ஏமதைற்றின் ஒரு மூலக்கூற்றுச் சூத்திர அலகில் இரும்பு 2, ஒட்சிசன் 3.)

(1) பெறக்கூடிய உச்ச இரும்பின் திணிவு யாது?
(2) தாதுவைக் கழுவுவதால் மட்டும் இரும்பு கிடைக்காதது ஏன்?
(3) இரும்புக்குக் காபனும் சோடியத்துக்கு மின்பகுப்பும் பயன்படுவது ஏன்?
(4) கடல்நீரில் இலிதியம் இருந்தும் அங்கிருந்து பெறாதது ஏன்?

விடைகள்

(1) ஏமதைற்றின் சார்திணிவு: (2 × 56) + (3 × 16) = 160. அதில் இரும்பு 112. எனவே இரும்பின் பங்கு 112 ÷ 160 = 70 சதவீதம். தூய ஏமதைற்று 800 கிலோகிராம். இரும்பு: 800 × 70 ÷ 100 = 560 கிலோகிராம்.
(2) கழுவுதல் பௌதிக முறையாகும். அது மண்ணை நீக்கித் தாதுவைச் செறிவாக்கும். இரும்பு ஒட்சிசனுடன் இரசாயன முறையில் பிணைந்துள்ளதால் தாழ்த்தல் அவசியம்.
(3) இரும்பு தாக்குதிறன் தொடரில் காபனுக்குக் கீழே உள்ளது, காபனால் தாழ்த்தலாம். சோடியம் மேலே உள்ளது. காபனால் தாழ்த்த முடியாது.
(4) செறிவு மிகக் குறைவு. மிகப் பெருமளவு நீரைக் கையாள வேண்டியிருப்பதால் சக்தியும் செலவும் கிடைக்கும் உலோகத்தின் பெறுமதியை விஞ்சும்.

மாணவர்களே, வினாத்தாளில் அறியாத ஓர் உலோகத்தின் பெயர் வந்தாலும் அஞ்ச வேண்டாம். எந்த நிலையில்? எவ்வளவு உறுதியாக? எவ்வளவு செறிவில், என்ன செலவில்? இம்மூன்றையும் ஒழுங்காகக் கேட்டால் விடை தானே வரும். சமனலவெவச் சரிவில் காற்றின் திசை பார்த்து உலை கட்டியவர்களும் அதையே தங்கள் மொழியில் கேட்டிருப்பர்.